நடுக்கக் காகிதம் சொன்ன பொய்

அத்தியாயம் ஒன்பது

காலையிலிருந்து மெலாஹத் மூன்று தேநீர் வாங்கி மூன்றையும் ஆறவிட்டிருந்தாள்.

“அக்கா, இதைக் குடிக்கிறதுக்குத்தான் விக்கிறாங்க,” என்றான் ஜாஹித். “பாத்துக்கிட்டே இருக்கணும்னா சொல்லு, ஒரு போட்டோ புடிச்சு சுவத்துல மாட்டிடறேன்.”

ஜாஹித் ஏழு வருஷம் துருக்கியின் மனிசா நகரத்தில் ஷேர் வேன் ஓட்டியவன். வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டத் தெரியாததால் பயணிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மெலாஹத்திடம் உதவியாளனாக வந்து சேர்ந்தான். இங்கேயும் மூடினபாடில்லை. மெலாஹத்துக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சேத மதிப்பீடு செய்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை இதுவரை எந்தக் கோர்ட்டும் திருப்பி அனுப்பியதில்லை. அதுதான் இப்போது அவளைத் தேநீர் பக்கம் கூடப் போகவிடவில்லை.

ஷாபான் என்ற கொத்தனார் பதினோரு நாளாக ஜெயிலில் இருக்கிறார். பிடித்துப் போட்டது போலீஸ் என்று ஊர் சொல்லும். போட்டது தன் கையெழுத்து என்று மெலாஹத்துக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஸ்டேஷன் ரோட்டில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று. பதினோரு குடும்பங்கள். கீழே பெரெக் என்ற அடுக்கு ரொட்டி விற்கும் கடை, அதற்கும் கீழே நிலக்கரி போட்டு வைக்கும் நிலவறை. நவம்பர் பதினைந்தாம் தேதி சாயந்திரம் நகரசபைக்குப் பெயர் சொல்லாமல் ஒருவர் போன் செய்தார்: “அந்தக் கட்டடம் சாயுது, எல்லாரையும் வெளியேத்துங்க.” போய்ப் பார்த்தால் நிலவறைத் தூண் ஒன்றின் அடியை யாரோ குடைந்து, உள்ளே இருந்த இரும்புக் கம்பிகளில் இரண்டை அறுத்திருந்தார்கள். பதினோரு குடும்பமும் போட்டது போட்டபடி தெருவுக்கு வந்தது. கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள்.

யார் குடைந்தது என்று கண்டுபிடிக்க இன்சூரன்ஸ்காரர்கள் மெலாஹத்தை அனுப்பினார்கள். அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது, அல்லது அப்படித்தான் அன்று நினைத்தாள். அந்த நிலவறையில், மேலே குடியிருந்த பெதிர் உஸ்தா (கைத்தொழிலில் தேர்ந்தவரை ஊர் ‘உஸ்தா’ என்றுதான் கூப்பிடும்) தன் கையால் செய்த நிலநடுக்கமானி ஒன்று இருந்தது. அது அச்சடித்த காகிதத்தில், நவம்பர் பதினாலாம் தேதி காலை பத்து ஐந்திலிருந்து பத்து நாற்பது வரை சுத்தியல் அடி ஒவ்வொன்றும் முள் முள்ளாக விழுந்திருந்தது. அன்று பத்து மணிக்கு ஷாபான் கருவிப் பையோடு பெரெக் கடைக்குள் போனதையும், பத்தே முக்காலுக்கு வெளியே வந்ததையும் எதிர்க்கடைக்காரர் பார்த்திருந்தார். பெரெக் கடைக்காரருக்கு நிலவறையைக் கொஞ்சம் அகலப்படுத்தும் ஆசை இருந்ததும் தெரிந்த கதை. கணக்கு நேராக விழுந்தது. மெலாஹத் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். நாளைக் காலை கோர்ட்.

இன்று காலை ஷாபானின் மனைவி ஹாஜெர் வந்து ஒரு போட்டோ காட்டினாள். பதினாலாம் தேதி பதினொன்று இருபதுக்கு, முப்பது கிலோமீட்டர் தள்ளி துர்குத்லுவில், மகளின் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஷாபான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“பத்து அஞ்சுக்கு நடந்த வேலைக்கு பதினொன்னு இருபது எப்படிம்மா உதவும்?” என்று மெலாஹத் கேட்டாள்.

ஹாஜெர் அழவில்லை, ‘ஹானிம்’ என்ற மரியாதைச் சொல்லையும் விடவில்லை. “எனக்கு மணி பாக்கத் தெரியும் மெலாஹத் ஹானிம். ஆனா என் வீட்டுக்காரர் அளவெடுக்கத்தான் போனேன்னு சொன்னா, அளவெடுக்கத்தான் போயிருப்பார். சுவர் ஒரு விரல் கோணிப் போனாக்கூட அவரே வந்து, ‘கோணிடுச்சு, இடிச்சுக் கட்டித் தர்றேன்’னு சொல்ற ஆளு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்துதான் தேநீர் ஆறத் தொடங்கியது.

“கிளம்புடா. பதினாலாம் தேதிக் காகிதத்தை மட்டுந்தான் நாம பாத்தோம். மத்த நாளையும் பாக்கணும்,” என்றாள் மெலாஹத்.

“எதுக்கு?”

“தெரியல. மனசு குறுகுறுங்குது.”

“அதுக்கு மருந்துக் கடைக்கில்ல போகணும்,” என்றபடியே ஜாஹித் கோட்டை மாட்டிக்கொண்டான்.

பெதிர் உஸ்தா தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். வீட்டுக்கு சீல் வைத்ததிலிருந்து மனைவியை மைத்துனி வீட்டில் விட்டுவிட்டு, கடைவீதியில் இருக்கும் தன் பட்டறையிலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறார். அவர்கள் நுழைந்தபோது மேஜையில் புதிதாக இன்னொரு நடுக்க மிஷின் கட்டிக்கொண்டிருந்தார். வீடு போன துக்கத்திலும் மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

“வாங்க, வாங்க மெலாஹத் ஹானிம்!” எழுந்து நாற்காலியைத் துடைத்தார். வாசலில் நின்று தேநீர்க்காரனைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

“இது எப்படி உஸ்தா வேலை செய்யுது?” ஜாஹித் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

கேட்டதுதான் தாமதம், உஸ்தாவின் முகம் மலர்ந்தது. “வீட்டு வாசல்ல கேட் இருக்குல்ல, அதேதான். இந்தக் கம்பிதான் கேட். கீல் ரெண்டும் தையல் ஊசி முனை. உரசல் இருக்கக் கூடாது பாருங்க. கம்பி நுனியில தராசுப் படிக்கல்லு. தரை ஆடும்போது கல்லு மட்டும் ‘நான் வரல, நீ போ’ன்னு நின்ன எடத்துலயே நிக்கும். கல்லோட ஒட்டி ஸ்பீக்கர் காந்தம். எதிர்ல பாபின்ல சுத்துன செம்புக் கம்பி. தரைக்கும் கல்லுக்கும் எவ்வளவு தகராறோ அவ்வளவு கரண்ட். அது கம்ப்யூட்டருக்குப் போய்க் கோடாயிடும்.”

“என் மாமியார் வீடு மாதிரி,” என்றான் ஜாஹித். “எல்லாரும் ஆடுவாங்க, மாமா மட்டும் நாற்காலிய விட்டு அசைய மாட்டாரு.”

உஸ்தா சிரித்தார். தேநீர் வந்தது. மெலாஹத் கண்ணாடித் தம்ளரைத் தொடாமல் சொன்னாள்: “உஸ்தா, உங்க எல்லா நாள் காகிதத்தையும் பாக்கணும்.”

சிரிப்பு அங்கேயே நின்றது. “அது... அதெல்லாம் மைத்துனி வீட்டுல கிடக்கு. எலி கடிச்சிருக்கும்.”

“எந்தப் பெட்டியில?” என்றான் ஜாஹித்.

“அட்டைப் பெட்டியில.”

“மேல ‘நடுக்கம்’னு சிவப்பு மையில எழுதியிருக்குமா?”

“ஆமா.”

“அப்ப எலிய ஒண்ணும் சொல்லாதீங்க. வந்ததுலேருந்து அது மேலதான் நான் உக்காந்திருக்கேன்.”

எழுந்து நின்று பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். உஸ்தா தடுக்கவில்லை. தேநீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார், ரொம்ப நேரம் கலக்கினார்.

ஒரு நாளைக்கு ஒரு காகிதம். வாரம் வாரமாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. காகிதத்தின் மேல் ஓரத்தில் மணி, கீழே கோடு. ஸ்டேஷன் ரோட்டில் ஓடும் பஸ், லாரி எல்லாம் சேர்ந்து பகல் முழுக்கக் கோடு மீசை வைத்துக்கொண்டு திரிந்தது. ராத்திரியில் மெலிந்தது.

மெலாஹத் பதினாலுக்கு முன்னும் பின்னும் சுத்தியல் அடியைத் தேடினாள். ஒன்றும் இல்லை. ஜாஹித் பொழுது போகாமல் ஒரு காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். எதையோ பார்த்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தான்.

“அக்கா, நவம்பர் பத்தாந்தேதி காலையில ஒம்பது அஞ்சுக்கு நான் எங்க இருந்தேன்னு கேளு.”

“எங்க இருந்த?”

“நடுரோட்டுல, வண்டிய நிறுத்திட்டு, வெளிய எறங்கி வெறைப்பா நின்னேன். நீ?”

“பேங்க் வாசல்ல. எல்லாரையும் மாதிரிதான்.”

நாட்டை உருவாக்கிய தலைவர் அட்டாதுர்க் கண்மூடிய நிமிடம் அது. வருஷா வருஷம் அந்த நாளில் ஒன்பது ஐந்துக்குச் சங்கு ஊதும். பஸ் நிற்கும், லாரி நிற்கும், நடக்கிறவன் எடுத்த காலை வைத்தபடி நிற்பான். இரண்டு நிமிடம் நாடே அசையாது.

“அப்ப இதைப் பாரு.” ஜாஹித் காகிதத்தை மேஜையில் பரப்பினான். “ஒம்பது அஞ்சுக்கு நம்ம ஸ்டேஷன் ரோட்டுல பஸ்ஸு பிச்சுக்கிட்டு ஓடுது. இவ்வளவு தைரியமான டிரைவர நான் பாத்ததே இல்ல. ஆனா எட்டு அஞ்சுக்கு வந்து பாரு.”

எட்டு ஐந்தில் கோட்டுக்கு மீசை இல்லை. இரண்டு நிமிட நீளத்துக்கு மழமழவென்று சவரம் செய்த மாதிரி இருந்தது.

மெலாஹத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “உஸ்தா, உங்க கம்ப்யூட்டர் எந்தக் காலத்துது?”

“பழசுதான்... இன்டர்நெட்டு கூடக் கிடையாது.”

“போன மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அது தானா மணியைத் திருப்பிக்கிச்சு,” என்றாள் மெலாஹத் மெதுவாக.

முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவைப்பார்கள். அரசாங்கம் அந்த வழக்கத்தை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நிலவறையில் கிடந்த கம்ப்யூட்டருக்கு அதை யாரும் போய்ச் சொல்லவில்லை. அது விசுவாசமாக இன்னமும் பழைய சட்டத்தையே கடைப்பிடித்தது.

“அப்படின்னா...” ஜாஹித் விரல் விட்டான். “காகிதத்துல பத்து அஞ்சுன்னா நிஜத்துல பதினொன்னு அஞ்சு! பதினொன்னு இருபதுக்கு ஷாபான் துர்குத்லுல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காரு! அக்கா, அந்த மனுஷன் சுத்தம்!”

“ஐயையோ, அப்படியா!” பெதிர் உஸ்தா தலையில் கைவைத்தார். “எனக்குத் தோணவே இல்லையே! கிழட்டு மிஷினு, என் மானத்த வாங்கிடுச்சே!”

மெலாஹத் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக, நாட்களை எண்ணினாள். பதினோரு நாள். ஒரு மணி நேரப் பிசகுக்கு ஒரு மனிதனின் பதினோரு நாள்.

“வா அக்கா, ப்ராசிக்யூட்டர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கிறதுக்குள்ள புடிச்சிடுவோம்,” ஜாஹித் வாசலுக்கே போய்விட்டான்.

மெலாஹத் எழுந்திருக்கவில்லை. நவம்பர் மூன்றாம் தேதிக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் ஒன்று பன்னிரண்டுக்குக் கோடு குதித்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் உஸ்தாவின் கையெழுத்து: ‘அக்ஹிசார் பக்கம், மூணு புள்ளி ரெண்டு, மணி 14:12.’

“உஸ்தா, இந்தச் சிவப்பு மை எதுக்கு?”

“அது சும்மா... நடுக்கம் வந்தா ஆய்வுக்கூடத்துப் பட்டியலோட ஒத்துப் பாப்பேன். நம்ம கை மிஷினு சரியாப் புடிச்சுதான்னு.”

“பட்டியல்ல ரெண்டு பன்னிரண்டு. உங்க காகிதத்துல ஒண்ணு பன்னிரண்டு. ஒத்துப் பாத்தவருக்கு ஒரு மணி நேரம் இடிக்கிறது தெரியாமலா இருக்கும்?”

உஸ்தா மறுபடி கரண்டியை எடுத்துத் தேநீரைக் கலக்கினார்.

“ஆறாந்தேதியிலயும் சிவப்பு மை. எட்டாந்தேதியிலயும். எல்லாக் காகிதத்துலயும் ஏதோ ஒரு குறிப்பு இருக்கு. எனக்கு நீங்க குடுத்த பதினாலாந்தேதிக் காகிதம் மட்டும் அப்பத்தான் அடிச்ச மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. குறிப்பு இல்லாம புதுசா அடிச்சுக் குடுத்திருக்கீங்க.” மெலாஹத்தின் குரல் தழுதழுத்தது. “அன்னிக்கு நான் கேக்காமலே சொன்னீங்க, ‘பத்துலேருந்து பதினொன்னு வரைக்கும் காபிக் கடையில ஒக்கே கட்டை வெளையாட்டு ஆடிக்கிட்டு இருந்தேன்’னு. நான் உங்களைக் கேக்கவே இல்லையே உஸ்தா.”

ஜாஹித் வாசலிலிருந்து திரும்பி வந்தான். இந்த முறை நக்கல் இல்லாமல் பெட்டியைக் குடைந்து, கடைசியாக அச்சான காகிதத்தை எடுத்தான். நவம்பர் பதினைந்து.

“அக்கா, பதினாலு வரைக்கும் ஒத்தக் கோடுதான். இதுல ரெண்டு கோடு இருக்கு.”

“ரெண்டாவது மிஷின்,” என்றாள் மெலாஹத். “அதை எங்க வெச்சீங்க உஸ்தா?”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உஸ்தா கட்டிலில் உட்கார்ந்தார். அறுபத்தொரு வயது மனிதர் பள்ளிப் பையன் மாதிரி இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் சொருகிக்கொண்டார்.

“முதல் மிஷினு வடக்கு தெற்கு ஆட்டத்த மட்டுந்தான் பாக்கும். கிழக்கு மேற்கு பாக்கணும்னா இன்னொண்ணு வேணும். தரையில வெச்சா எலி ஓடினாக்கூட ஆடுது. தூண் அடியில ஒரு சாண் பள்ளம் எடுத்து உள்ள வெச்சா, கல்லு மாதிரி நிக்கும்னு நெனச்சேன். வெளிப்பூச்சத்தான் எடுக்கறேன், தூணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உளி உள்ள போகப் போக, ஊறுன பிஸ்கட் மாதிரி பொலபொலன்னு கொட்டுது.”

“கம்பிய ஏன் அறுத்தீங்க?”

“காந்தம்...” குரல் அடியில் இறங்கியது. “பக்கத்துல இரும்பு இருந்தா காந்தம் அந்தப் பக்கம் இழுத்துக்குது. ஊசல் நேரா நிக்கல. ரெண்டே ரெண்டு கம்பிதான்னு...”

பூமி ஆடுவதைக் கேட்க ஆசைப்பட்டு, தான் குடியிருந்த வீட்டின் காலை அறுத்த மனிதரை ஜாஹித் வாய் பிளந்து பார்த்தான். அடித்ததையெல்லாம் அவருடைய முதல் மிஷினே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள் பதிவு கூட விட்டுப்போகக் கூடாது என்ற பெருமையில் அவர் அதை நிறுத்தவில்லை.

மெலாஹத் பதினைந்தாம் தேதிக் காகிதத்தின் இரண்டாவது கோட்டை விரலால் தொடர்ந்தாள். காலையில் நடுவில் இருந்த கோடு மதியத்துக்குள் கீழே இறங்கி, சாயந்திரம் காகிதத்தை விட்டே ஓடியிருந்தது.

“இது என்ன?”

“சாய்வு. கேட் கீல் கொஞ்சம் சாஞ்சாலும் கேட் தானா நகந்துக்கும்ல? தூண் சாயச் சாய அது நகந்துக்கிட்டே போச்சு. அதைப் பாத்ததும் கட்டடம் விழப் போகுதுன்னு புரிஞ்சிடுச்சு.”

“அந்தப் பேர் சொல்லாத போன்...”

“நான்தான்.” உஸ்தா அழுதார். “மிஷினைக் கழட்டி எடுத்துட்டு, போன் பண்ணினேன். பதினோரு குடும்பமும் உசுரோட வெளிய வந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். முப்பது வருஷமா அந்தக் கட்டடத்துல ‘பெதிர் உஸ்தா, நேத்து ஆடுச்சா?’ன்னு என்னையத்தான் கேப்பாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து நான்தான் ஒடச்சேன்னு எப்படிச் சொல்றது? நீங்க காகிதம் கேட்டு வந்தீங்க. மணி தப்புன்னு தெரியும். நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் நெனச்சேன், சத்தியமா. கண்டுபிடிக்கல. ஷாபானைப் புடிச்சுட்டாங்க. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னு...”

மூன்று தம்ளரும் ஆறிவிட்டன.

உஸ்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க, போவோம். நான் எல்லாத்தையும் ஒத்துக்கறேன். கம்ப்யூட்டர் மணியை நானே வேணும்னே மாத்தி உங்களை ஏமாத்தினேன்னும் சொல்லிடறேன். உங்க பேர் கெட வேணாம்.”

ஜாஹித் மெலாஹத்தைப் பார்த்தான். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் அவன். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: ‘கருவியின் கடிகாரம் என்னால் சரிபார்க்கப்பட்டது.’ இருபத்தேழு வருஷமாக அவளுடைய எல்லா அறிக்கையிலும் இருக்கும் வரி. அன்று நிலவறைப் படிக்கட்டில் தூசி, மெலாஹத்துக்கு முழங்கால் வலி. அவள் கீழே இறங்கவே இல்லை. உஸ்தா கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு வந்தாள். இறங்கியிருந்தால் கம்ப்யூட்டர் மணியையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்திருப்பாள். ஷாபான் ஒரு நாள் கூட உள்ளே இருந்திருக்க மாட்டார்.

“அக்கா,” என்றான் ஜாஹித் தணிந்த குரலில். “உஸ்தா சொல்றது மோசமில்ல. எப்படியும் அவர் உள்ள போகத்தான் போறாரு. ஷாபான் வெளிய வந்துடுவாரு. நீ ஏன் கூடச் சேந்து குழியில குதிக்கிற?”

அவளுக்கும் ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

“ஒரு பேனா குடு,” என்றாள்.

ப்ராசிக்யூட்டர் உஸ்தாவின் வாக்குமூலத்தை முழுசாகக் கேட்டார். பிறகு மெலாஹத் நீட்டிய அரைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கடிகாரத்தை நான் சரிபார்க்கவில்லை, சரிபார்த்ததாக எழுதியது பொய் என்று அதில் இருந்தது.

“இது எனக்குத் தேவையே இல்லையே,” என்றார் அவர். “இதை ஃபைல்ல வெச்சா, உங்க பழைய அறிக்கை அத்தனையையும் ஒண்ணு விடாம வக்கீலுங்க கிளறுவாங்க. தெரியும்ல?”

“கிளறட்டும். அந்த வரி அத்தனையிலயும் இருக்கு,” என்றாள் மெலாஹத்.

சாயந்திரம் நான்கு மணிக்கு ஹாஜெர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஹாஜெர் கையில் மாவோடு வந்து கதவைத் திறந்தாள். மெலாஹத் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, ஒன்றையும் மறைக்காமல், படிக்கட்டுத் தூசி உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக் காலை ஷாபான் வெளியே வந்துவிடுவார் என்றாள். கடைசியில், அந்த ஊரில் தவறு செய்தவர்கள் எல்லோரும், தாங்கள் பட்ட கடனை மனசார மன்னித்துவிடச் சொல்லிக் கேட்பதைக் கேட்டாள்.

“உன் ஹக்கை எனக்கு ஹலாலாக்கிடும்மா.”

ஹாஜெர் தன் விரலில் இருந்த மாவை உருட்டி எடுத்தாள்.

“என் பங்கை ஹலாலாக்கிட்டேன், போங்க. ஆனா அவர் பங்கு என் கையில இல்ல.” அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. “போன வாரம் ஜெயில்ல பாக்கப் போனேன். என்ன சொன்னார் தெரியுமா? ‘ஹாஜெர், அந்தம்மா படிச்சவங்க, மிஷின் வெச்சுப் பாத்து எழுதியிருக்காங்க. நான்தான் எதையோ இடிச்சுட்டு மறந்துட்டேனோ என்னவோ’ன்னு கேக்கறார். தன் கையவே அவர் நம்பறதில்ல இப்ப.”

“அவர் எதையும் இடிக்கலம்மா,” என்றாள் மெலாஹத்.

“நாளைக்கு நீங்களும் ஜெயில் வாசலுக்கு வாங்க,” என்றாள் ஹாஜெர். “அவர் இடிக்கலன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டார்.”